வரத்து வாய்க்கால் முகாம்

ரீட்டா நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்ததற்கு அவளுடைய உயரம்தான் காரணம். விருத்தாசலத்தில் அவள் பி.காம். படித்த கல்லூரியில், என்.சி.சி., விளையாட்டு, செஞ்சிலுவை, நலப்பணி இவற்றில் ஒன்றை ஒவ்வொருவரும் முடித்தாக வேண்டும். முடிக்காதவர்களுக்குப் பட்டம் கிடையாது. என்.சி.சி.யில் சேர உயரம் போதவில்லை. விளையாட்டில் ஓடிக் காட்டச் சொன்னார்கள். ஓடினாள். பாதியிலேயே போதும் என்றார்கள். செஞ்சிலுவையில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது நாட்டுக்குச் சேவை செய்வது மட்டும்தான்.

திட்ட அலுவலர் பிரபா மேடமும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்து சேர்ந்தார். அவர் வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். முன்பு இருந்தவர் முதுகுவலி என்று விலகியதும், கல்லூரி முதல்வர் ஆசிரியர்களைக் கூட்டி யாருக்கு விருப்பம் என்று கேட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் முதுகு வலித்தது. கூட்டத்துக்கு வராதிருந்தவர் பிரபா மேடம் ஒருவர்தான். அவரையே போட்டார்கள்.

புரட்டாசியில் ஒரு வார முகாம். மங்கலம்பேட்டை சாலையிலிருந்து உள்ளே போகும் வடக்குக்கொள்ளை என்ற ஊரைக் கல்லூரி தேர்ந்தெடுத்திருந்தது. அந்த ஊருக்கு முகாம் புதிதல்ல. முன்பு வந்த மாணவர்கள் பள்ளிச் சுவரெல்லாம் வாசகம் எழுதியிருந்தார்கள். 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்' என்ற வாசகத்துக்குக் கீழே ஒரு குழாய் இருந்தது. அதில் தண்ணீர் வருவதில்லை. மரம் நடுவதற்குக் குழி தோண்ட வேண்டிய வேலையும் இல்லை. போன முகாமில் தோண்டிய குழிகள் அப்படியே இருந்தன.

முதல் நாள் மதியச் சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ரீட்டாவின் அம்மா உபகாரமேரி பெரிய தூக்கு நிறையப் புளிசோறு கட்டிக் கொடுத்திருந்தாள். "கூட இருக்குற புள்ளைங்க சும்மா பாத்துக்கினு இருக்குமா, எல்லாருக்கும் குடு" என்றாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். வகுப்புத் தலைவன் திலீபன், நல்லாருக்கு என்று இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினான்.

"உங்கம்மா என்னா வேல பாக்குறாங்க?" என்று கேட்டான்.

"செராமிக்ஸ்ல சூப்பர்வைசர்" என்றாள் ரீட்டா.

உபகாரமேரி சூப்பர்வைசர் அல்ல. தொழிற்பேட்டையில் உள்ள ஒரு கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த கழிப்பறைக் கோப்பைகளைச் சூளைக்குப் போகும் முன் ஈரப் பஞ்சால் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை அவளுக்கு. ரீட்டா கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ கேட்டார்கள்; சூப்பர்வைசர் என்று வாயில் வந்துவிட்டது. அதன்பின் யார் கேட்டாலும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. அப்பா அந்தோணிமுத்து லாரி ஓட்டுகிறவர். அதை மட்டும் மாற்றாமல் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் தொடக்க விழா நடந்தது. ஊராட்சித் தலைவி அம்புஜவல்லி தலைமை தாங்கினார். ஐம்பது வயதிருக்கும், கரும்பு வைத்திருக்கிற குடும்பம். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவருக்கும் சேர்த்துப் பிரபா மேடமே பேசினார். தலைப்பு, மாணவர் சேவைப் பயிற்சியின் வரலாறும் நோக்கமும்.

சுதந்திரம் வந்த புதிதில், படித்துமுடித்த ஒவ்வொருவரும் நாட்டுக்குச் சில காலம் உழைக்க வேண்டும் என்று பெரியவர்கள் யோசித்ததையும், குழுக்கள் கூடிப் பேசியதையும் மேடம் சொன்னார். சீனாவோடு சண்டை நடந்த பிறகு கல்லூரி மாணவர்களுக்குப் படைப்பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். காக்கி உடுப்பு போட்டு வெயிலில் நடந்தார்கள். சில வருடங்களில் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. காந்தி நூற்றாண்டின்போது, துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி என்று இந்தத் திட்டம் வந்தது. சேவை செய்தால் ஊர் திருந்தும் என்பதல்ல இதன் நோக்கம். செய்கிறவன் திருந்த வேண்டும் என்பதுதான் என்று முடித்தார்.

அம்புஜவல்லி மைக்கை வாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"இந்தப் புள்ளைங்க பிரியப்பட்டு வந்துகிதுங்களா, கட்டாயத்துல வந்துகிதுங்களாம்மா?"

மேடம் உண்மையைச் சொன்னார்.

"கட்டாயந்தாங்க."

"அப்பன்னா நல்லதுதான். பிரியப்பட்டு வந்தவங்க ரெண்டாம் நாளே கெளம்பிடறாங்க. கட்டாயத்துல வந்ததுங்க இருந்துதானே ஆவணும்."

அதன்பிறகு அவர் ஊரின் தேவையைச் சொன்னார். டெங்குவைப் பற்றி ஊருக்குத் தெரியும். பிளாஸ்டிக்கைப் பற்றியும் தெரியும். கை கழுவுவது எப்படி என்று மூன்று தடவை செய்து காட்டிவிட்டார்கள். தெரியாத விஷயம் ஒன்றுதான், ஏரிக்கு வருகிற வரத்து வாய்க்காலின் அடைப்பை எப்படி எடுப்பது என்பது. அது அடைபட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. மழைத் தண்ணீர் ஏரிக்கு வராமல் ரோட்டில் ஓடுகிறது. மழைக்கு முன்னால் எடுத்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார்.

எடுத்துத் தருவதாக மேடம் ஒப்புக்கொண்டார். எது அடைத்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை எல்லாரும் வாய்க்காலுக்குப் போனார்கள். கரை இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் மண்டியிருந்தது. பையன்கள் உற்சாகமாகவே வெட்டினார்கள். பெண்கள் இழுத்துப் போட்டார்கள். திலீபன் எல்லாருக்கும் முன்னால் நின்று வெட்டினான். வெயில் ஏறியபோது முள் விலகி, வாய்க்காலுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிய ஆரம்பித்தது.

அத்தனையும் கழிப்பறைக் கோப்பைகள். உடைந்தவை, கீறியவை, மூக்குப் போனவை, மண்ணில் பாதி புதைந்தவை, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டு கிடந்தவை. விருத்தாசலத்தில் எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனி, சூளையில் சரியாக வராததையெல்லாம் டிராக்டரில் கொண்டுவந்து இங்கே தட்டியிருக்கிறது. அந்தக் கம்பெனியின் பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை.

வேலை நின்றது. எல்லாரும் கரையில் ஏறிக்கொண்டார்கள்.

"என்னாச்சு?" என்றார் மேடம்.

திலீபன்தான் பதில் சொன்னான். "செடி வெட்றோம் மேடம். மண்ணு வாரச் சொல்லுங்க, வார்றோம். இத எடுக்க முடியாது."

"ஏன்?"

"கக்கூஸு மேடம்."

"இது புதுசுப்பா. சூளையில கெட்டுப்போனது. இதுல யாரும் ஒரு தடவகூட உக்காந்ததில்ல."

"உக்காரலன்னாலும் கக்கூஸுதானே மேடம்."

மேடம் விடவில்லை. ஆசிரியர் என்பதால் பாடத்துக்குப் போனார். "நான் எடுக்குற வேல்யூ எஜுகேஷன்ல உழைப்பின் மாண்புன்னு பத்து மார்க் கேள்வி. போன செமஸ்டர்ல எல்லாரும் எழுதியிருக்கீங்க. நீ நல்லாவே எழுதியிருந்த."

"அது எழுதினது மேடம்" என்றான் திலீபன். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. இரண்டும் வேறு என்று நிஜமாகவே நினைத்தான்.

மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். ஒரு கோப்பையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதன் பாதி வந்தது. அதைக் கரைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி இறங்கினார். மாணவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் போனை எடுத்தார்கள். மேடம் திரும்பிப் பார்த்ததும் உள்ளே வைத்தார்கள்.

ரீட்டா கூட்டத்தின் பின்வரிசையில் நின்றாள். கோப்பையின் விளிம்பை அம்மா எப்படித் தடவிப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் கம்பெனி வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறாள். இப்போது முன்னால் போனால் கேள்வி வரும். போகாமல் இருந்தால் எதுவும் வராது. போகாமல் இருந்தாள்.

திலீபன் பக்கத்தில் நின்ற பையனிடம் சாதாரணமாகத்தான் பேசினான். "கம்பெனில தெனம் இதச் செய்யிறவங்க எப்படித்தான் சோறு திங்கிறாங்களோ. அந்தக் கைல ஒருத்தரு பரிமாறினா நம்மால முடியுமா, சொல்லு."

"முடியும்" என்றாள் ரீட்டா.

திலீபன் திரும்பினான்.

"நேத்து நீ ரெண்டு தடவ வாங்கித் தின்ன புளிசோறு அந்தக் கையில செஞ்சதுதான். எங்கம்மா சூப்பர்வைசர் இல்ல. இதத் தேய்க்கிறாங்க. நல்லாருக்குன்னு சொன்ன."

திலீபனின் கை தானாக வயிற்றுப் பக்கம் போனது, பாதியில் நின்றது. ரீட்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் இறங்கினாள். மேடம் இழுத்துக்கொண்டிருந்த கோப்பையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாக இழுத்ததில் அது முழுதாக வந்தது. அவள் முகம் சூடாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். கோப்பை கனமாக இருந்ததால் அதற்கு வசதிப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். ரீட்டா சொன்னதைக் கேட்டு மனம் மாறி இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. கரையில் நிழல் இல்லை. சும்மா நிற்பதைவிட இறங்குவது மேல் என்று ஒருத்திக்குத் தோன்றியிருக்கலாம். அவளைப் பார்த்து மற்றவர்கள். மேடம் மங்கலம்பேட்டைக்கு ஆள் அனுப்பிக் கையுறை வாங்கிவரச் செய்தார். கையுறை வந்த பிறகு பையன்களிலும் பாதிப்பேர் இறங்கினார்கள். திலீபனும் இன்னும் சிலரும் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். திலீபன் தன் அப்பாவுக்குப் போன் செய்தான்.

மறுநாள் காலையில் அவனுடைய அப்பா விருத்தகிரி லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். விருத்தாசலம் கடைத்தெருவில் அவருக்குப் பைப்பு, டைல்ஸ், குளியலறைச் சாமான்கள் விற்கிற கடை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நேராக மேடத்திடம் வந்தார்.

"ஃபீஸு கட்டிப் படிக்க அனுப்பினா, கக்கூஸு பொறுக்க வுடுறீங்களாம்?"

"நீங்க கடையில அதத்தான சார் விக்கிறீங்க?" என்றார் மேடம்.

"விக்கிறேன். பில்லு போடறது நானு. தூக்கிப்போடறதுக்கு ஆளுங்க இருக்குது."

"இங்க ஆளுங்க இல்ல சார். இவங்கதான் இருக்காங்க."

"கட்டாயப்படுத்தி வாங்குறது சேவையாம்மா? நீங்களே சொல்லுங்க."

"எனக்கும் அதுல சந்தேகம் உண்டு சார். என்னையும் கட்டாயப்படுத்தித்தான் போட்டாங்க. நீங்க தாராளமா பையனக் கூட்டிட்டுப் போகலாம். ஆனா அடுத்த வருசம் சின்னப் பசங்களோட வந்து முகாம முடிச்சாத்தான் டிகிரி குடுப்பாங்க. அடுத்த வருசமும் இதே ஊருதான்னு பேச்சு."

விருத்தகிரி வாய்க்காலைப் பார்த்தார். ஒரு வருடம் கழித்தும் அந்தக் குவியல் அங்கேயே இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

அவர் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்புஜவல்லி இன்னும் சில பெண்களோடு கரைக்கு வந்தார். முந்தின நாள் எடுத்து அடுக்கியிருந்த கோப்பைகளை, சந்தையில் பானை வாங்குகிற மாதிரி விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கணீர் என்றதைத் தனியாக வைத்தார்கள். மந்தமாகக் கேட்டதைத் தள்ளிவிட்டார்கள். தனியாக வைத்ததில் ஒன்றை இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு தெருவைப் பார்த்து நடந்தார்கள்.

"எங்கம்மா கொண்டுபோறீங்க?" என்றார் மேடம்.

"வூட்டுக்குத்தான்" என்றார் அம்புஜவல்லி. "எங்க ஊருல கொஞ்சம் வூட்டுல கக்கூஸு ரூம்பு இருக்குது, கதவு இருக்குது, உள்ள கக்கூஸுதான் இல்ல. கட்ட வந்த கான்ட்ராக்டரு செவுரு வரைக்கும் கட்டிட்டு, மீதியக் கொண்டாரேன்னு போனாரு. அதுல வெறவு அடுக்கி வச்சிருக்காங்க. இது இங்க கெடக்குதுன்னு எங்களுக்கும் தெரியும். முள்ளுக்குள்ள யாரு எறங்குறது? இப்பதான் உங்க புள்ளைங்க எடுத்துக் குடுத்துட்டுதுங்களே."

விருத்தகிரி இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பையைத் தூக்கிப்போன பெண்களைப் பார்த்து, "அதுக்குக் கீழ ட்ராப்பு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"அப்படின்னா?"

"ட்ராப்பு இல்லாம வச்சா நாத்தம் வூட்டுக்குள்ள வரும். தண்ணி நிக்கிற மாதிரி ஒரு வளைவு வேணும்." அவர் அருகில் போனார். சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. குனிந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கோப்பையின் துளைக்குள் கைவிட்டு, எங்கே எது பொருந்தும் என்று காட்டினார். பெண்கள் சுற்றி நின்றார்கள். இன்னொரு வீட்டுக்காரி தன் கோப்பையையும் கொண்டுவந்தாள். அதிலும் கைவிட்டுக் காட்டினார்.

திலீபன் மரத்தடியிலிருந்து எழுந்து நின்று பார்த்தான். அவனுக்கு நினைவு தெரிந்து அப்பா கடையில் ஒருநாள்கூட எதிலும் கைவிட்டதில்லை.

மதியத்துக்குள் விருத்தகிரி எந்தெந்த வீட்டுக்கு எத்தனை அடி பைப்பு வேண்டும் என்று தெரு முழுக்க நடந்து பார்த்துவிட்டார். கடை விலையில் குறைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். ஆட்டோவில் ஏறியபோதுதான் மகன் நினைவு வந்தது.

"வரியாடா?"

திலீபன் வாய்க்காலைப் பார்த்தான். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தான். முழங்கைவரை மண்.

"நீங்க போங்கப்பா."

"சரி. சாயங்காலம் சாமான் அனுப்புறேன். எறக்கி வச்சுக்கோ. ஆளுங்களுக்கு இன்னிக்கு வேற லோடு இருக்குது."

திலீபன் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினான். அவனோடு மரத்தடியில் இருந்தவர்களும் இறங்கினார்கள். மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பதில் ஒரு கௌரவமும் மிச்சமிருக்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் வேலை வேகமாக நடந்தது. கருவேலம் ஒருபுறம், உடைசல் ஒருபுறம், நல்லது ஒருபுறம் என்று கரையில் மூன்று குவியல். ஒரு பையனுக்குக் காலில் வெட்டுப்பட்டது. மங்கலம்பேட்டைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கொண்டுவந்தார்கள். அதன்பின் எல்லாரும் ஷூ போட்டார்கள். சாயங்காலங்களில் பையன்கள், வீடுகளில் கோப்பை பொருத்த வந்த கொத்தனாருக்குச் சிமெண்டு குழைத்துக் கொடுத்தார்கள். முகாம் திட்டத்தில் இருந்த விழிப்புணர்வுப் பேரணிக்கு நேரம் கிடைக்கவில்லை. ஊரில் யாரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

ரீட்டாவிடம் பெண்கள் முன்பு போலவே பேசினார்கள். இரண்டு பேர் மட்டும் சாப்பிடும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. பொய் போன இடத்தில் என்ன இருக்கிறதென்று இரவில் படுத்துக்கொண்டு யோசித்தாள். பெரிதாக எதுவும் இல்லை என்று தெரிந்தது. தூங்கிவிட்டாள்.

ஒருநாள் காலை கைப்பம்பில் பல் துலக்கும்போது திலீபன் பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்கம்மா எந்தக் கம்பெனி?"

சொன்னாள்.

"அவங்க மாலு எங்க கடையில விக்கிது."

"ம்."

"நல்ல மாலு. ரிட்டன் வர்றதில்ல."

அவன் வாய் கொப்பளித்துவிட்டுப் போனான். அது மன்னிப்பா, கடைச் செய்தியா என்று ரீட்டாவுக்கு விளங்கவில்லை. மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

நிறைவு விழாவுக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். உபகாரமேரி கம்பெனியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அம்புஜவல்லி யாரென்று விசாரித்தார். அம்மா என்றும் கோப்பை தேய்க்கிறவள் என்றும் ரீட்டா சொன்னாள். அவ்வளவுதான், அம்புஜவல்லி உபகாரமேரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், புதிதாகப் பொருத்திய ஒரு கழிப்பறையைத் திறந்து காட்டினார். வீட்டுக்காரியும் ஆவலாகப் பின்னால் நின்றாள்.

உபகாரமேரி குனிந்து விளிம்பைத் தடவினாள்.

"நல்லா வச்சிருக்கீங்க" என்றாள். "ஆனா இந்த ஓரம் சரியாத் தேய்க்கல. லீவுக்கு முந்தின நாள் யாரோ அவசரத்துல செஞ்சிருக்காங்க."

"ஒழுகுமா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தேய்ச்சவளுக்குத் தெரியும், அவ்ளோதான்."

விழாவில் இந்த முறை சிறப்பு விருந்தினர் வந்தார். பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றிப் பேசினார். எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஊர் எல்லை தாண்டிய பிறகு ரீட்டா பேசினாள்.

"அம்மா, காலேஜ்ல நீ சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருந்தேன்."

உபகாரமேரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு?"

"கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"இப்ப?"

"இப்ப எல்லாருக்கும் தெரியும். நானே சொல்லிட்டேன்."

அம்மாவுக்குக் கோபமா என்று ரீட்டாவுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

"நானும் கம்பெனில நீ நர்ஸுக்குப் படிக்கிறன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் அம்மா. "பி.காம்னு சொன்னா அது என்னா, அது என்னான்னு கேக்குறாங்க. எனக்கு எங்க சொல்லத் தெரியுது? நர்ஸுன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல. போன மாசம் சரோஜாவுக்கு முட்டிவலி. நீ வந்தா காட்டணும்னு இருக்குறா."

ரீட்டா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை. சரோஜாவின் முட்டியைப் பற்றிக் கவலையாகவே இருந்தாள்.

"நாளைக்குப் போயி சொல்லிடும்மா."

"சொல்லணும்" என்றாள் உபகாரமேரி. "பி.காம்னா என்னான்னு மொதல்ல எனக்குச் சொல்லு."

விருத்தாசலம் வரும்வரை ரீட்டா சொல்லிக்கொண்டு வந்தாள். வரவுக்கு எதிரே செலவு என்கிற இடம்வரை அம்மாவுக்குப் புரிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. வடக்குக்கொள்ளை வரத்து வாய்க்காலில் பல வருடங்களுக்குப் பிறகு தண்ணீர் ஓடியது. ரோட்டில் தண்ணீர் ஓடவில்லை. ஊர்ச் சனங்கள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆனால் ஏரி பாதிதான் நிரம்பியது. வாய்க்காலின் மேல்பகுதி வேறொரு ஊராட்சியில் இருந்தது. அங்கேயும் அடைப்பு. அம்புஜவல்லி குடை பிடித்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பிரபா மேடத்துக்குப் போன் செய்தார்.

"அந்த ஊர வேற காலேஜுக்கு ஒதுக்கியிருக்காங்க, எனக்குத் தெரியும்" என்றார் மேடம். "அங்க என்ன கிடக்குது?"

"முகம் கழுவுற பேசினும்மா."

"பரவால்லங்க" என்றார் மேடம். "அதுக்கு அந்தப் பிள்ளைங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."